2009-இல் பதிவு செய்த உயில்: திருத்துவதா, புதிதாக எழுதுவதா?

மஞ்சக்குப்பம் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான், வயது 74. 2009-ஆம் ஆண்டு ஓர் உயில் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துவிட்டு, பெரிய கடமை ஒன்று முடிந்தது என்று பீரோவில் பூட்டி வைத்தேன். சென்ற வாரம் வேறு ஏதோ தாளைத் தேடும்போது அது கையில் அகப்பட்டது. உட்கார்ந்து படித்தேன். அதில் உள்ள குடும்பம் இப்போது இல்லை. அதில் உள்ள சொத்தும் பாதிதான் இருக்கிறது.

அந்த உயிலின்படி மஞ்சக்குப்பம் வீடு என் மனைவிக்கும், பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பு மூத்த மகனுக்கும், நெல்லிக்குப்பம் சாலையில் இருந்த மனை மகளுக்கும் சேர வேண்டும். இளைய மகனின் மேற்படிப்புக்கு அப்போதே பெருந்தொகை செலவிட்டிருந்ததால் அவன் பெயரில் எதுவும் எழுதவில்லை. அவனும் அதை மனமார ஏற்றுக்கொண்டான். 2011 டிசம்பரில் வீசிய தானே புயலில் தோப்பின் மரங்கள் வேரோடு சாய்ந்தன. நிலம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2017-இல் மனைவி காலமானார். 2018-இல் மனையை விற்று, அந்தப் பணத்தில் புதுச்சேரி லாஸ்பேட்டையில் என் பெயரில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கினேன். 2021-இல் மூத்த மகனும் போய்விட்டான். மருமகளும் பதினோரு வயதுப் பேத்தியும் இருக்கிறார்கள். உயிலில் சாட்சிக் கையொப்பம் இட்ட இருவரில் ஒருவர் இன்று உயிருடன் இல்லை.

இதில் எந்த அளவு செல்லும், எந்த அளவு செல்லாது? ஒரு துணை உயில் எழுதிச் சேர்த்தால் போதுமா, புதிதாகவே எழுத வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கெடிலக்கரை வழக்கறிஞர்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உயில் எழுதியவர் இறக்கும் நாளில்தான் உயில் பேசத் தொடங்குகிறது. ஆகவே 2009-இல் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதைவிட, அந்தச் சொற்களை இன்றைய நிலைமையின் மேல் வைத்துப் பார்த்தால் என்ன விளையும் என்பதே கேள்வி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் வீடு. உயிலில் பயன் பெறுபவர் உயில் எழுதியவருக்கு முன்பே இறந்துவிட்டால் அந்தக் கொடை வீழ்ந்துவிடும் என்பது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 105-ஆம் பிரிவின் விதி. உங்கள் உயிலில் 'மீதமுள்ள சொத்துகள் அனைத்தும் இன்னாருக்கு' என்ற வாசகம் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. அது இல்லையென்றால், வீட்டைப் பொறுத்தவரை நீங்கள் உயிலே எழுதாதவர் என்றுதான் பொருள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கு ஒரு பங்கு, இளைய மகனுக்கு ஒரு பங்கு, மூத்த மகனின் கிளைக்கு, அதாவது மருமகளுக்கும் பேத்திக்கும் சேர்த்து, ஒரு பங்கு என வீடு மூன்றாகும். இளைய மகனுக்குப் பங்கு வேண்டாம் என்ற ஏற்பாடு இங்கே நிற்காது.

அடுத்து மனை. குறிப்பிட்ட ஒரு சொத்தை ஒருவருக்கு எழுதி வைத்து, பிறகு அதை நீங்களே விற்றுவிட்டால், அந்தக் கொடை அழிந்துவிடும். இது 152-ஆம் பிரிவு. விற்ற பணத்தில் வாங்கிய லாஸ்பேட்டை வீடு அந்த மனையின் இடத்தில் வந்து உட்காராது. மகளுக்கென்று மனத்தில் வைத்திருந்தது அந்த வீடுதான் என்றாலும், காகிதத்தில் அதுவும் மூன்று பங்குதான்.

மகனுக்கு எழுதிய தோப்பின் நிலை வேறு. பயன் பெறுபவர் உங்கள் பிள்ளையாக இருந்து, அவருக்கும் பிள்ளை இருந்தால், அவர் முன்பே இறந்தாலும் கொடை வீழாது. உங்களுக்கு அடுத்த நொடியில் அவர் இறந்ததாகக் கொள்ள வேண்டும் என்று 109-ஆம் பிரிவு கூறுகிறது. இதைப் பலரும் 'பேத்திக்குப் போய்விடும்' என்று சுருக்கமாகப் புரிந்துகொள்கிறார்கள். அது சரியல்ல. சொத்து மகனுடைய உடைமையாகக் கருதப்பட்டு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், மருமகளுக்குப் பாதி, பேத்திக்குப் பாதி. இது உங்கள் விருப்பமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மஞ்சக்குப்பம் வீடு உங்களுக்கு எப்படி வந்தது?

மஞ்சக்குப்பம் ஆசிரியர்:

இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை, ஐயா; நன்றி. மகளுக்கென்று எழுதியது ஒன்றுமில்லாமல் போகும் நிலையை நானே உண்டாக்கிவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீடு என் தந்தையார் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் 1981-இல் உயில் எழுதாமல் காலமானார். தமக்கைமார் இருவரும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு அண்ணனும் நானும் பாகப்பிரிவினை செய்துகொண்டதில் இந்த வீடு என் பாகத்துக்கு வந்தது. தோப்பு 1994-இல் நான் கிரயம் வாங்கியது.

கெடிலக்கரை வழக்கறிஞர்:

அப்படியானால் கவலை இல்லை. தந்தையின் சுயார்ஜித சொத்து 1956-க்குப் பிறகு வாரிசு முறையில் மகனுக்கு வந்தால், அது மகனுடைய தனிச்சொத்தே என்று உச்ச நீதிமன்றம் சந்தர் சென் வழக்கில் 1986-இல் தீர்த்திருக்கிறது. முழு வீட்டையும் நீங்கள் உயில் எழுதலாம். பாட்டன், முப்பாட்டன் வழியில் வந்த கூட்டுக்குடும்பச் சொத்தாக இருந்தால் உங்கள் பங்குக்கு மட்டுமே எழுத முடியும். அதில் மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை உண்டு. தமிழ்நாட்டில் அந்த உரிமை 1989 மார்ச்சிலேயே வந்துவிட்டது. நாடு முழுவதும் அதே உரிமையைத் தந்த 2005 திருத்தத்தின் பொருளை 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா தீர்ப்பு தெளிவுபடுத்தியது. பழைய உயில்கள் பலவற்றில் 'என் மகன்களுக்கு மட்டும்' என்று பூர்வீகச் சொத்து முழுவதையும் எழுதியிருப்பார்கள். அவற்றையெல்லாம் எடுத்துப் பார்க்க வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

பண்ருட்டி பத்திர எழுத்தர்:

முப்பது ஆண்டுகளாக ஆவணம் எழுதுகிறவன் என்ற முறையில் சொத்து விவரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உயிலில் எழுதிய சர்வே எண்ணை இன்றைய பட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எண்கள் மாறின. அதற்குப் பிறகும் பக்கத்து நிலத்துக்காரர் விற்கும்போதெல்லாம் உட்பிரிவு ஆகிக்கொண்டே இருக்கிறது. தாய்ப்பத்திரத்தில் உள்ள பழைய எண்ணை அப்படியே நகலெடுத்து உயிலில் எழுதிவிடுவது எங்கள் தொழிலில் உள்ள கெட்ட பழக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய எண், புதிய எண், உட்பிரிவு, பட்டா எண், நான்கெல்லை, பரப்பு எல்லாமே இருக்க வேண்டும். புதுச்சேரிச் சொத்தென்றால் ஆர்.எஸ். எண், அதாவது மறு நில அளவை எண்ணோடு, பிரெஞ்சுக் காலத்து நிலப்பதிவேட்டின் கதாஸ்தர் எண்ணும் வேண்டும். அடுக்குமாடியில் கட்டடத்தோடு பிரிபடாத மனைப்பங்கு எவ்வளவு என்பதையும் எழுத வேண்டும்.

நெய்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களும் இந்த இழையைப் படித்தால் நல்லது. உயிலில் நிலம் என்று எழுதியிருப்பார்கள். நிலம் எடுக்கப்பட்டு இழப்பீடு வங்கியில் இருக்கும். வழக்கறிஞர் சொன்ன மனைக் கதைதான் அங்கேயும்.

துணை உயிலா, புது உயிலா என்ற கேள்விக்கு என் பதில் புது உயில். இரண்டுக்குமே முத்திரைத்தாள் தேவையில்லை. ஆகவே துணை உயிலால் மிச்சப்படுவது ஒன்றுமில்லை. உயிலைச் செயல்படுத்தும் பொறுப்புள்ள நிறைவேற்றுநரின் பெயரை மட்டும் மாற்றுவது போன்ற சிறு காரியத்துக்குத் துணை உயில் போதும். உங்களுக்கு மூன்று சொத்தும் மூன்று பெயரும் மாறுகின்றன. ஒட்டுப்போட்ட துணியைப் பிரித்துப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளுக்கு வைக்காதீர்கள்.

முத்தியால்பேட்டை மகள்:

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா 1998-இல் ஓர் உயில் பதிவு செய்தார். 2014-இல், அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட எனக்கும் பங்கு வரும்படி வெள்ளைத்தாளில் தம் கைப்பட இன்னோர் உயில் எழுதி, இரண்டு நண்பர்களைச் சாட்சி வைத்துக் கையெழுத்திட்டார். பதிவு செய்யவில்லை. அப்பா காலமானபின் என் தம்பி பதிவு செய்த உயிலே செல்லும் என்று உறுதியாக நின்றான். உறவினர்கள் பலரும் அதையே சொன்னார்கள். கடைசியாக எழுதிய உயில்தான் செல்லும், பதிவு இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தடையல்ல என்று வக்கீல் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் அதோடு முடியவில்லை. உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க, உயிருடன் இருக்கும் சாட்சி ஒருவராவது வந்து சொல்ல வேண்டுமாம். அப்பாவின் நண்பர்கள் இருவரும் அப்பாவின் வயதுக்காரர்கள். இருவருமே அப்போது இல்லை. அவர்களில் ஒருவருடைய கையெழுத்தைப் பழைய கூட்டுறவுச் சங்க நோட்டில் தேடி எடுத்து, அவருடைய மகனை அழைத்து வந்து அடையாளம் காட்டச் செய்து, அப்பாவின் கையெழுத்தையும் தனியாக நிரூபித்து, மூன்று ஆண்டுகள் ஆயின. வழக்கு நடக்கும்போதே தம்பியும் நானும் சமாதானம் ஆனோம் என்பது வேறு விஷயம். ஆசிரியர் ஐயா, உங்களைவிட இருபது வயதாவது இளையவர்களைச் சாட்சியாக வையுங்கள்.

கெடிலக்கரை வழக்கறிஞர்:

சகோதரி சொன்னது முற்றிலும் சரி. முன்பு சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவாக இருந்த அந்த விதி, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் 67-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பதிவு செய்த உயிலுக்கும் இந்த விதியே. பதிவு என்பது, இன்ன நாளில் இன்னார் அலுவலகத்துக்கு வந்து தம் ஆவணம் என்று ஒப்புக்கொண்டார் என்பதற்கு நல்ல ஆதாரம். அதற்கு மேல் அதற்கு மந்திர சக்தி கிடையாது. ஆனாலும் பதிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். பழைய உயில் பதிவாகியிருக்கும்போது புதியதை வெறும் தாளில் விடுவது வழக்குக்கு வெற்றிலை பாக்கு வைப்பதாகும்.

பழைய உயிலின் மேல் பேனாவால் குறுக்குக் கோடு இழுத்து 'ரத்து' என்று எழுதி வைப்பவர்கள் உண்டு. சாட்சிகளோடு கையொப்பமிட்டு எழுதாதவரை அது ரத்து ஆகாது. இடையில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதினாலும் அப்படியே. திருத்தத்துக்கும் உயிலுக்குரிய கையொப்பமும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். புதிய உயிலின் முதல் பத்தியிலேயே, பழைய உயிலின் ஆவண எண்ணையும் ஆண்டையும் குறிப்பிட்டு, அதையும் அதற்கு முன் எழுதிய வேறு எதையும் ரத்து செய்வதாக எழுதுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்:

உயிலே வேண்டாம், இப்போதே தானசெட்டில்மெண்ட் எழுதிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. சாட்சியைத் தேடும் வேலையில்லை, வழக்கில்லை, பிள்ளைகள் பெயரில் பட்டாவும் உடனே மாறிவிடும். உயிரோடு இருக்கும்போது கையால் கொடுப்பதில் ஒரு திருப்தியும் உண்டு.

முதுநகர் செவிலியர்:

மன்னிக்க வேண்டும், நான் இதை ஏற்கவில்லை. நாற்பது ஆண்டுகள் மருத்துவமனையில் வேலை செய்தவள் நான். வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் கிடந்த முதியவர்கள் எத்தனையோ பேருக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். உயிலை நாளைக்கே மாற்றலாம். செட்டில்மெண்ட் கொடுத்தால் கொடுத்ததுதான்.

கெடிலக்கரை வழக்கறிஞர்:

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில், கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயத்தின் வழியாகத் திரும்பப் பெற வழி உண்டு. ஆனால் நிபந்தனை இருந்தது என்பதைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியுள்ளது. எழுபத்தைந்து வயதில் அந்தப் படிகளில் ஏறி இறங்க யாருக்குத் தெம்பு இருக்கும்? செட்டில்மெண்ட் எழுதுவதானால் ஆயுள் அனுபவ உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் ஆவணத்திலேயே எழுதிவிட வேண்டும். ஆசிரியர் ஐயாவின் நிலைமையில் உயிலே பொருத்தம்.

முதுநகர் செவிலியர்:

நான் சொல்ல வந்தது வேறு, வாதத்தில் மறந்துவிட்டேன். நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். என் அண்ணன் மனைவியை இழந்தவர். பிள்ளைகளுக்கு உயில் எழுதி வைத்திருந்தார். 58-ஆவது வயதில் மறுமணம் செய்துகொண்டார். திருமணம் நடந்த அன்றே பழைய உயில் தானாக ரத்தாகிவிட்டது என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவர் இறந்த பிறகு அண்ணியும் பிள்ளைகளும் சட்டப்படி பங்கிட்டுக்கொண்டார்கள். சண்டை வரவில்லை, அது அவர்களுடைய குணம். இந்துக்களுக்கு இந்த விதி கிடையாது என்று பிறகு அறிந்தேன். நம் ஊரில் ஒரே தெருவில் வசிப்பவர்களுக்கு வெவ்வேறு சட்டம் இருப்பதால், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

பரங்கிப்பேட்டை வணிகர்:

உண்மை. முஸ்லிம்களாகிய நாங்கள், கடனும் ஈமச்செலவும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத், அதாவது உயில், எழுதினால், அது மற்ற வாரிசுகளின் சம்மதம் இருந்தால்தான் செல்லும். வாரிசாக வரும் ஒருவருக்கே எழுதினாலும் அப்படியே.

புதுச்சேரி ஓய்வூதியர்:

புதுச்சேரியில் இன்னும் ஒரு வகை உண்டு. 1881-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணையின்கீழ்த் தம் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களின் வழிவந்த ரெனோன்சான் குடும்பங்கள் அவை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தை 1963-இல் புதுச்சேரிக்கு விரிவாக்கியபோது அவர்களை விலக்கி வைத்தார்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளைகளின் பங்கை உயிலால் பறிக்க முடியாது. ஒரு பிள்ளை இருந்தால் பாதிச் சொத்துக்கும், இரண்டு இருந்தால் மூன்றில் ஒன்றுக்கும், மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் கால்பங்குக்கும்தான் விருப்பப்படி எழுதலாம். தாத்தா ரெனோன்சானா என்பதே தெரியாமல் உயில் எழுதும் பேரப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆசிரியருக்கு இது பொருந்தாது. லாஸ்பேட்டையில் வீடு வாங்கியதால் மட்டும் யாருக்கும் வாரிசுச் சட்டம் மாறிவிடாது.

முன்னாள் வங்கி ஊழியர்:

உயிலைப் புதுப்பிப்பவர்கள் நாமினியை மறந்துவிடுகிறார்கள். ஆசிரியர் ஐயா, உங்கள் வைப்புத்தொகைகளில் இன்னும் காலஞ்சென்ற உங்கள் மனைவியின் பெயரே நாமினியாக இருக்கக்கூடும். முதலில் அதைப் பாருங்கள். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை பெற்றவரே ஒழிய, பணத்துக்கு உடையவர் அல்லர். பங்குகளுக்கும் இதுவே நிலை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சக்தி யெஸ்தானி வழக்கில் கூறியது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015 திருத்தத்துக்குப் பிறகு, கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரை நாமினியாக வைத்தால் அவர்களே பயனாளிகள். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம். யாருக்கு எத்தனை விழுக்காடு என்றும் எழுதலாம். உயிலில் ஒருவருக்கும் நாமினியில் வேறொருவருக்கும் எழுதி வைத்து, இறந்த பதினாறாம் நாளே இருவரும் கிளைக்கு வந்து மேலாளர் முன் மோதிக்கொண்டதை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

உயிலைப் பெட்டகத்தில் வைக்காதீர்கள். பெட்டகத்தைத் திறக்க யாருக்கு உரிமை என்று சொல்லும் தாள் பெட்டகத்துக்குள்ளேயே இருக்கும்.

பண்ருட்டி பத்திர எழுத்தர்:

அதற்கு வழி உண்டு. மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் உயிலை வைப்புச் செய்யலாம். இறந்த பிறகு விண்ணப்பித்தால் உறையைத் திறந்து பதிந்து கொடுப்பார்கள். பதிவு செய்த உயிலானாலும் அது வில்லங்கச் சான்றில் வராது. எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் தரமாட்டார்கள். அதனால்தான் உயில் இருப்பதே தெரியாமல் வாரிசுச் சான்றிதழ் வாங்கி விற்றுவிட்ட குடும்பங்கள் உண்டு. ஆவண எண், ஆண்டு, அலுவலகம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி நிறைவேற்றுநரிடம் கொடுத்துவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் ஆசிரியர்:

எல்லோருக்கும் நன்றி. வங்கிக்குச் சென்று பார்த்தேன். மூன்று வைப்புத்தொகைகளிலும் மனைவியின் பெயர்தான் இருந்தது. மாற்றிவிட்டேன்.

லாஸ்பேட்டை வீட்டை மகளுக்கு எழுதப்போகிறேன். தோப்பைப் பேத்திக்கு மட்டும் எழுத வேண்டும் என்று முதலில் நினைத்தேன். மருமகள் இளம் வயதில் தனியாக நின்று பிள்ளையை வளர்க்கிறாள்; அவளுக்குப் பிடிப்பாக ஒன்றும் இல்லாமல் எல்லாவற்றையும் குழந்தை பெயரில் எழுதுவது அவளை நம்பாதது போல ஆகிவிடும் என்று மகள் சொன்னாள். ஆகவே தோப்பு இருவருக்கும் சரிபாதி. சட்டமும் அதையேதான் செய்திருக்கும் என்றாலும் என் கையால் எழுதினால் அவளுக்கு மரியாதை. மஞ்சக்குப்பம் வீடு மகளுக்கும் பேத்திக்கும். பேத்தி இன்னும் சிறுமி என்பதால் என்ன செய்வது என்பது மட்டுமே எஞ்சியிருக்கும் ஐயம்.

கெடிலக்கரை வழக்கறிஞர்:

மைனரின் அசையாச் சொத்தைத் தாயாராலும் நீதிமன்ற அனுமதியின்றி விற்க முடியாது. அது ஒரு பாதுகாப்பு. அதற்கு மேலும் வேண்டுமானால், பேத்திக்கு 21 வயது ஆகும்வரை வீட்டின் அவள் பங்கை நிர்வகித்து, வாடகையைப் படிப்புக்குச் செலவிட ஒரு பொறுப்பாளரை உயிலிலேயே நியமியுங்கள். அவர் இயலாமல் போனால் அடுத்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். நீங்கள் பெயர் சொல்லும் ஒவ்வொருவருக்கும் 'அவர் எனக்கு முன் காலமானால்' என்ற மாற்று ஏற்பாடு வேண்டும். கடைசியில் மீதமுள்ள சொத்து வாசகத்தை மறக்க வேண்டாம். இளைய மகனுக்கு ஏன் எழுதவில்லை என்பதை ஒரே வரியில் காரணத்தோடு சொல்லுங்கள். இயல்பான வாரிசைக் காரணமின்றி விடுவதை நீதிமன்றங்கள் ஐயத்துக்குரிய சூழ்நிலையாகப் பார்ப்பதுண்டு. பயன் பெறுபவரே முன்னின்று உயிலை எழுதச் செய்வதும் அப்படித்தான். ஆகவே பதிவு அலுவலகத்துக்கு மகளை அழைத்துச் செல்லாதீர்கள். அன்று காலை உங்கள் மருத்துவரிடம் தெளிந்த சிந்தையோடு இருப்பதாக ஒரு சான்று வாங்குங்கள். அவரே சாட்சியாக இசைந்தால் இன்னும் நன்று.

மஞ்சக்குப்பம் ஆசிரியர்:

நேற்றுப் பதிவு முடிந்தது. மருத்துவரும், என்னிடம் படித்து இன்று பொறியாளராக இருக்கும் மாணவன் ஒருவனும் சாட்சிகள். இருவரும் நாற்பதுகளில் இருப்பவர்கள். இளைய மகனைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அவனைப் பற்றிய வரியில் செலவிட்ட தொகையைக் குறைத்து எழுதிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தான். ஆவண எண் எழுதிய சீட்டு அவனிடமும் ஒன்று இருக்கிறது. அடுத்த தை மாதம் பட்டாவும் நாமினியும் பார்க்க வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.